காவல்காரர் வீட்டுக் கெளுத்தி

என் மகளுக்காக வறுத்து அரைத்த சத்துமாவை, பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். பிறகு அவருடைய அக்கா கேட்டார். இப்போது என் கணவர் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருக்கிறார். சனி, ஞாயிறுகளில் காரைக்குடி வாடகை வீட்டுச் சமையலறையில் கேழ்வரகும் கம்பும் முளைகட்டிக் காயவைத்து, வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து, பாக்கெட் போடுகிறேன். என் சம்பளம் வருவதும் தெரிவதில்லை, போவதும் தெரிவதில்லை. இதாவது மகள் பெயரில் சேரட்டும் என்றுதான் ஆரம்பித்தோம். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டின் வாயையும் ஒட்டும்போது எனக்குள் கேள்விகள் வந்துவிடுகின்றன. தானியம் சரியாகக் காய்ந்ததா? மில்லில் எனக்கு முன்னால் என்ன அரைத்தார்கள்? இதைத் தின்னப் போகும் குழந்தை எப்படி இருக்கும்? ஒட்டியதைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி ஒட்டுகிறேன்.

அப்பா எங்களோடுதான் இருக்கிறார். ஒரு ஜவுளிக் கிடங்கில் வாட்ச்மேனாக இருந்து ஓய்ந்தவர். அவரிடம் போய், "இதைச் செய்யலாமாப்பா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் பாக்கெட்டைத் தொடவில்லை. தள்ளி நின்றே பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது தப்பிச்சுப் போச்சுன்னா எங்குட்டு ஆத்தா போகும்?"

என் கணவர் சிரித்துவிட்டார். "மாவு எங்க மாமா தப்பிச்சுப் போகப் போகுது?" என்றார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அம்மா உயிரோடிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்கும்.

நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் ஊர். அங்கே கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. வாயில் வைத்தால் உப்பு. குடிக்கவும் உலை வைக்கவும் ஊருணித் தண்ணீர்தான். மழைக்காலத்தில் காட்டில் விழும் தண்ணீர் வரத்துக்கால் வழியாக ஓடி வந்து ஊருணியை நிறைக்கும். அடுத்த மழைவரை ஊர் முழுவதற்கும் அதுதான். சுற்றிலும் செம்புராங்கல் சுவர். ஒரு பக்கம் படித்துறை, படித்துறைக்கு ஓர் இரும்புக் கேட். உள்ளே செருப்போடு போகக்கூடாது, தண்ணீரில் கால் படக்கூடாது, கை கழுவக்கூடாது. அதில் கிடந்த கெண்டை மீன்களை யாரும் பிடிக்கமாட்டார்கள். அவைதான் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கின்றன என்று ஊரே நம்பியது.

அப்பா அந்த ஊருணிக்குக் காவல். ஊர்ப் பொதுவில் ஒரு சம்பளம், அறுப்புக் காலத்தில் வீட்டுக்கு வீடு கொஞ்சம் நெல், வரத்துக்கால் ஓரமாகக் குடியிருக்க ஓர் ஓட்டு வீடு. சம்பளம் சிறியது, மரியாதை பெரியது. மழை ஓய்ந்து கலங்கல் தெளியும்வரை கேட் பூட்டியே இருக்கும். பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து ஊர் முழுவதும் குடத்தோடு படித்துறையில் கூடும். அப்பா குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கடைசிப் படிக்கு இறங்குவார். ஒரு கை அள்ளிக் குடிப்பார். பிறகு திரும்பி நின்று, "தண்ணி நல்லாருக்கு!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். அவர் சொன்ன பிறகுதான் முதல் குடம் தண்ணீரில் இறங்கும். ஊரில் பெரிய வீட்டுக்காரர்களும் அந்தச் சொல்லுக்காகக் காத்து நிற்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகத்தான் இந்த மனுஷர் வருஷம் பூராவும் கரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா கேலி செய்வாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, காரைக்குடியில் ஒரு மின்சாமான் கடையில் வேலை பார்த்தார். கடையில் சம்பளம் வாங்கினாரே தவிர அவர் மனம் ஒருநாளும் அந்தக் கடைக்குள் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய வண்டிச் சத்தம் கேட்டால், புதிதாக ஒரு தொழில் வருகிறது என்று அர்த்தம்.

"மச்சான், ஒத்தச் சம்பளத்துல நிக்கிறதும் ஒத்தக் கால்ல நிக்கிறதும் ஒண்ணு. எம்புட்டு நேரந்தான் நிப்பீக? சைடுல ஒண்ணு வேணும் மச்சான், சைடுல ஒண்ணு."

சைடுல முதலில் வந்தவை லவ் பேர்ட்ஸ். அந்தத் தொழிலை ஒரு பூனை முடித்துவைத்தது. அடுத்து காளான். அது வைக்கோல் படுக்கையில் முளைக்காமல் மழை ஒழுகிய கூரைக் கம்பில் முளைத்தது. "காளானுக்கே நம்ம வீட்டுல எங்க மொளைக்கிறதுன்னு தெரியல" என்றாள் அம்மா. மாமா அசரவில்லை. கடைசியாகக் கெளுத்தி மீன் வந்தது. ஊர்க் கண்மாயில் கிடக்கிற கெளுத்தி அல்ல, எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த சாதி.

"கோழிக்குடலப் போட்டா மளமளன்னு வளந்துரும். சாகவே சாகாது மச்சான். தண்ணி வத்துனாலும் சேத்துல கெடந்து பொழச்சுக்கிரும்."

சாகவே சாகாது என்பதை நாங்கள் எல்லோருமே ஒரு நல்ல குணமாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "தண்ணிக் காவக்காரவுக வீட்டுல கோழிக்குடலா? ஊர்ல என்ன பேசுவாக?" என்றாள். மாமா அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பிடித்து இழுத்து அப்பா முன்னால் நிறுத்தினார். காரைக்குடி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன் ஒன்று அப்போது எங்கள் ஊர் வழியாகப் போகத் தொடங்கியிருந்தது. காலையில் அப்பா கேட் அருகே நிற்கும்போது அது ஊருணிக் கரையைச் சுற்றித்தான் போகும்.

"இந்தப் பிள்ளைய அந்த வேன்ல ஏத்தணும்னு ஆசையிருக்கா இல்லையா மச்சான்? நெஞ்சுல கைய வச்சுச் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வேனைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்டதில்லை என்றுதான் நினைவு. ஒருவேளை கேட்டிருப்பேனோ என்னவோ. மறுநாள் அப்பா வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டத் தொடங்கினார்.

குழிக்குள் தார்ப்பாயை விரித்து, கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றி, மாமா கொண்டுவந்த குஞ்சுகளை விட்டார்கள். என் சுண்டுவிரல் அளவுதான் இருந்தன. அப்பா தினமும் நாச்சியாபுரத்துக் கோழிக்கடைக்குச் சைக்கிளில் போய், மூடிபோட்ட வாளியில் கழிவை வாங்கி வருவார். அதைப் போட்டதும் குழித் தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளும். போட்டு முடித்ததும் அவர் குளிப்பார். ஊருணிப் பக்கம் போவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் குளித்தார். எந்த நேரத்தில் பார்த்தாலும் தலையில் ஈரம் சொட்டுகிற மனிதராகிவிட்டார். ஏதோ கடுமையான விரதம் இருக்கிறார் என்று ஊரில் மதிப்பு இன்னும் கூடியது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். அப்பா மண்வெட்டியோடு வரத்துக்காலில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தார்ப்பாய்க் குழி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் ஒரு கறுப்புத் தலை எழுந்தது. மீசையை ஆட்டியது. பிறகு மண்ணில் இறங்கி, இரண்டு பக்கத்துத் துடுப்புகளையும் கைபோல ஊன்றி, உடம்பை அப்படியும் இப்படியுமாக வளைத்து நடக்கத் தொடங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் வரிசையாக, மழைத் தண்ணீர் வழிந்தோடும் தடத்திலேயே. மீன் நடந்து நான் அதுவரை கண்டதில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான காட்சி என்று ரொம்ப காலம் அதைத்தான் நினைத்திருந்தேன்.

"அப்பா! மீன் நடக்குதுப்பா! இங்குட்டு வந்து பாருங்க!"

அப்பா பார்த்தார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மீன்கள் போய்க்கொண்டிருந்தது வரத்துக்காலை நோக்கி. வரத்துக்கால் ஓடிக்கொண்டிருந்தது ஊருணியை நோக்கி. அவர் முட்டிபோட்டு வெறும் கையால் பிடித்துப் பிடித்துக் கூடையில் போட்டார். அவற்றின் முள் குத்திக் கையெல்லாம் ரத்தம், மழை அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. நான் கைதட்டிக்கொண்டு, "அந்தா ஒண்ணு, இந்தா ஒண்ணு" என்று காட்டிக்கொடுத்தேன். அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து வழியை மறித்தாள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு, "அம்புட்டையும் புடிச்சாச்சாப்பா?" என்று கேட்டேன்.

"புடிச்சாச்சு ஆத்தா. இத யார்ட்டயும் சொல்லாத."

சொல்லிவிட்டு வரத்துக்கால் கரையில் போய் நின்றார். செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

அந்த ஞாயிறு மாமா வந்தபோது, மீதியைக் கொண்டுபோய்விடச் சொன்னார் அப்பா. மாமாவுக்கு மனசே இல்லை. டிரம்மில் மீன்களை அள்ளி வண்டியில் கட்டிக்கொண்டே, "தப்பிச்சது ஊருணியிலதான மச்சான் கெடக்கு? கெடந்துட்டுப் போகுது. நமக்குத் தீனிச் செலவு மிச்சம்" என்றார்.

"வாயக் கழுவுடா!" என்று அம்மா கத்தினாள். வண்டி மறையும்வரை வைதாள். அப்பா குழியை மண்போட்டு மூடினார்.

கார்த்திகையில் தண்ணீர் தெளிந்தது. ஊர் கூடியது. அப்பா வெள்ளை வேட்டியோடு கடைசிப் படிக்கு இறங்கினார். நான் அம்மாவின் இடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து அள்ளினார். குடிப்பதற்கு முன்னால் தண்ணீரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரின் தலைவரான பெரியவரை அம்பலம் என்று கூப்பிடுவோம். அவர் மேலே இருந்து, "என்னப்பா, தண்ணிக்குள்ள பொண்ணு பாக்குறியா? சொல்லுப்பா சீக்கிரம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா குடித்தார். திரும்பி நின்றார்.

"தண்ணி நல்லாருக்கு."

கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. இருந்தாலும் குடங்கள் இறங்கின.

அதன் பிறகு அப்பா கருக்கலிலேயே எழுந்து ஊருணிக்குப் போகத் தொடங்கினார். நான் விழித்துக்கொண்டால் என்னையும் கூட்டிப் போவார். கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து, படியில் உட்கார்ந்து, கோழிக்குடல் கோத்த தூண்டிலைப் போடுவார். குடல் டப்பாவைப் பிடித்துக்கொள்வது என் வேலை. சில நாள் ஒன்று மாட்டும், பல நாள் ஒன்றுமே மாட்டாது. மாட்டினால் சாக்கில் போட்டு, வீட்டுக்கு வந்து முருங்கை மரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பார். எதற்காக என்று நான் கேட்கவில்லை. எங்கள் மீன்கள் சில வழிதவறிப் போய்விட்டன, அப்பா திரும்பப் பிடிக்கிறார், அவ்வளவுதான் எனக்கு. பிடித்த மீனைக் குழம்பு வைக்காமல் ஏன் புதைக்கிறார் என்பதுதான் குறை.

மார்கழி பிறப்பதை அவர் மறந்துவிட்டார். மார்கழி முதல் நாளிலிருந்து பெண்கள் கருக்கலிலேயே குளித்து, கோலம் போட்டுவிட்டு, பொங்கல் வைக்கத் தண்ணீர் எடுக்க வருவார்கள். அந்த மாதம் முழுவதும் கேட்டை முன்கூட்டியே திறந்து வைப்பதும் காவல்காரரின் வேலைதான். வேலையிலேயே கண்ணாக இருந்த மனிதர், அந்த வருடம் அதை மறந்தார். அன்றும் தூண்டிலோடு என்னைக் கூட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தவர், கோயில் ரேடியோ பாட ஆரம்பித்ததும் விருட்டென்று எழுந்தார். சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடிப்பதற்குள் மேலத்தெரு அத்தையும் இன்னும் சில பெண்களும் ஈரக் கூந்தலோடு படிக்கு மேலே வந்து நின்றுவிட்டார்கள்.

"அடியாத்தி! ஏண்ணே, நீகளா? காவக்காரவுகளே தூண்டில் போட்டா நாங்க ஆருகிட்டப் போயிச் சொல்றது?"

அப்பா சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சாக்குல என்னண்ணே?"

சாக்கு அசைந்தது. உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். கறுப்பாக, என் முழங்கை நீளத்துக்கு, மீசையோடு. அப்பா சாக்கின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கெண்டை."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"கெண்டை தாயி. கெண்டைதான்."

குளித்து மடியாக வந்த பெண்கள் யாரும் மீன் சாக்கைத் தொடவில்லை. தொட்டுத் திறந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். "மீன் கொழம்பு இல்லாம சோறு எறங்காதாக்கும்" என்றாள் ஒருத்தி. "பச்சப்பிள்ளைய வேற கூட்டிக்கிட்டு வந்து பழக்குறாக பாரு" என்றாள் இன்னொருத்தி. நான் அப்பாவின் வேட்டியை இழுத்து, "அது நம்ம மீனுதானப்பா" என்று மெல்லச் சொன்னேன். அவர் என் தோளை அழுத்தினார். வலித்தது.

அன்று சாயங்காலமே கோயில் முன்னால் ஊர் கூடியது. அம்பலத்துக்கு அப்பாமேல் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"எம்புட்டு நாளாப்பா நடக்குது?"

"கொஞ்ச நாளா ஐயா."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா ஊர் ஒனக்கு ஒத்தாசை செஞ்சிருக்காதா? கண்மாய் மீன் இல்லையா? குடிக்கிற தண்ணியிலயாப்பா கைய வைக்கிறது?"

கூட்டத்திலிருந்து ஒரு குரல், "மகள வேன்ல ஏத்தப் போறாராம்ல. கெண்டைய வித்துத்தான் பீசு கட்டணும்" என்றது. சிரிப்பு எழுந்தது. அப்பா வாயைத் திறந்தார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். எங்கள் மீன், நாங்கள் வளர்த்தது, தப்பிப் போனதைப் பிடித்தோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். நம் மீனை நாமே பிடித்தால் அது எப்படித் திருட்டாகும்? ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சபை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து கேட் சாவியை வைத்துவிட்டு வந்தார்.

ஏன் சொல்லவில்லை என்பதை இத்தனை வருடங்களில் நான் பலவிதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். கெளுத்தி என்று சொல்லியிருந்தால், கோழிக்குடல் தின்று வளர்ந்த மீன் கிடக்கும் தண்ணீரை அந்த நிமிடத்திலிருந்து யாரும் குடித்திருக்க மாட்டார்கள். வேறு தண்ணீர் கிடையாது. அடுத்த மழைக்கு அடுத்த ஐப்பசி வரவேண்டும். யாருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்று நம்பியிருப்பார். அதற்காகத் திருடன் என்ற பெயரை எடுத்துக்கொண்டார் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், "தண்ணி நல்லாருக்கு" என்று ஊரார் முன்னால் சொன்ன வாயால் அதை மாற்றிச் சொல்லப் பயந்தார், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. மகள் என்பதால் நான் முதலாவதையே பிடித்துக்கொள்கிறேனோ என்னவோ. அவரிடம் கேட்கத் தைரியம் வந்ததில்லை.

எது எப்படியோ, வேலையைப் பறித்ததோடு அவர் ஊருணிக் கரையில் கால் வைக்கவும் கூடாதென்று ஊர் சொல்லிவிட்டது. அந்த மீன்களைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே மனிதரை அவற்றிடமிருந்து விலக்கி வைத்தார்கள். கருவேல மரம் வெட்டும் கூலிக்குப் போனார். வீட்டைக் கோடைவரை காலி செய்ய வேண்டாம் என்று அம்பலம் விட்டுவைத்தார். அம்மா ஊருணியில் எடுத்து வரும் தண்ணீரை அப்பா தொடுவதில்லை. கிணற்று உப்புத் தண்ணீரையே குடித்தார். அம்மா எனக்கும் கிணற்றுத் தண்ணீரிலேயே உலை வைக்கப் பார்த்தாள். சோறு மஞ்சளாக இருந்தது, நான் தின்ன மாட்டேன் என்று அழுதேன்.

பங்குனியில் தண்ணீர் குறையக் குறையக் கலங்கியது. கெண்டைகளைக் காணவில்லை. குடத்தில் ஒருவித வாடை வந்தது. புதிதாகக் காவலுக்கு வைத்தவர் பகலெல்லாம் வேப்பமர நிழலில் தூங்குகிறார் என்று ஊர் அவரை ஏசியது. சித்திரையில் எஞ்சின் வைத்து ஊருணியை இறைத்தார்கள். மனிதர் கால் படாத ஊருணிக்குள் ஆட்கள் இறங்கி, சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையில் எறிந்தார்கள். கறுப்பாக, வழவழவென்று, தொடைப் பருமனில். வெயிலில் கிடந்தும் சாகாமல் வாயைத் திறந்து திறந்து மூடின. கரையில் கூட்டத்தோடு நின்ற எனக்கு அவற்றை அடையாளம் தெரிந்தது. எங்கள் மீன்கள் எவ்வளவு பெரிதாகிவிட்டன என்று பெருமையாக இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை நசுக்கிப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டாள்.

வெளியூர்க்காரன் எவனோ கொண்டுவந்து விட்டிருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டியது. டிராக்டரில் தண்ணீர் வரத் தொடங்கியது. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, பெண்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊரில் தண்ணீருக்குச் சண்டை நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த சில நாளில் ஒரு மத்தியானம் அம்பலமும் இன்னும் இரண்டு பெரியவர்களும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா எழுந்து பாயை விரித்துப் போட்டுவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். அம்மா டிராக்டர் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து வைத்தாள்.

"நடந்தது நடந்து போச்சுப்பா" என்று தொடங்கினார் அம்பலம். "நாலு கெண்டையப் புடிச்சேன்னு ஒன்னைய வெரட்டுனோம். அம்புட்டு ஊருணியையும் எவனோ நாசம் பண்ணிட்டுப் போயிட்டான். நீ இருந்திருந்தா இப்படி ஆக விட்டிருப்பியா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"தூர்வாரிச் சுத்தம் பண்ணி வச்சிருக்கோம். இந்த மழைக்கு நெறஞ்சா, நீதான் எறங்கிக் குடிச்சுச் சொல்லணும். வேற ஆரு சொன்னாலும் ஊர் நம்பாது."

சட்டைப் பையிலிருந்து கேட் சாவியை எடுத்து அப்பாவின் முன்னால் தரையில் வைத்தார்.

கதவுக்குப் பின்னால் அம்மா அழும் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"வேணாம் ஐயா" என்றார் அப்பா.

"ரோஷம் பாக்காதப்பா."

"எனக்கு அந்த யோக்கியதை இல்ல ஐயா. வேற ஆளப் பாருங்க."

அம்மா வெளியே வந்துவிட்டாள். பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல், "கூப்பிட்டு மரியாதையாக் குடுக்குறாக. வாங்கிக்கிட்டா என்ன? இந்தப் பிள்ளைய எங்க கொண்டு போயி வைக்கப் போறீக? வாயத் தொறந்து சொல்லுங்க!" என்றாள். அம்பலம் பெருமூச்சு விட்டு எழுந்தார். சாவி தரையிலேயே கிடந்தது.

"ஆத்தா, அத ஐயாட்டக் குடுத்துரு" என்றார் அப்பா என்னிடம்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினேன். அதைக் கையில் வாங்கிக்கொண்டு அம்பலம் என் தலையில் கை வைத்தார். "ஒங்கப்பன் ரோஷக்காரன் தாயி. ஊர் செஞ்சது தப்புத்தான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒரு பெரிய மனிதர் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறார், அப்பா முடியாது என்கிறார். நாங்கள் காரைக்குடிக்குக் குடிபோய், அங்கே ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தபோது, புதிய சிநேகிதிகளிடம் நான் முதலில் சொன்ன கதையே அதுதான். எங்கப்பா ஊரே வந்து கெஞ்சியும் வேலையை வேண்டாமென்று சொன்னவர்.

அன்று சாவியைக் கொடுத்துவிட்டுத் துள்ளிக்கொண்டு திரும்பி வந்தேன். அப்பா இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். சாவி அவர் முன்னால் கிடந்த நேரமெல்லாம் அப்படித்தான் இருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கைக்கு என்னப்பா?" என்று கேட்டேன்.

"குளுருது ஆத்தா" என்றார்.

சித்திரை வெயில் முற்றத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. நான் அதை நம்பினேன். உள்ளே ஓடிப்போய் ஒரு போர்வையை எடுத்துவந்து அவர் மேல் போர்த்தினேன்.